பத்து மணிக்கு அப்புறம்

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையை வளர்க்கும் எந்த அம்மாவிடம் பேசினாலும் ஒரு கேள்வி வந்துவிடும்: "எனக்கப்புறம் இவன யாரு பாத்துப்பாங்க?" திண்டிவனத்தில் நான் வளர்ந்த தெருவிலும் கேட்டிருக்கிறேன். அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. இன்றைக்குக் காலை பத்து மணிக்கு அப்புறம் சாயங்காலம் வரை இவன் எங்கே இருப்பான், என்ன செய்வான்? இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

பதினெட்டு வயது வரை அரசிடம் இதற்குப் பதில் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. அதன்பின் பள்ளி முடிகிறது, வீடு தொடங்குகிறது. கடுமையான பாதிப்புள்ளவர்களுக்கு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை என 2023-இல் உயர்த்தினார்கள். முதியவர்களுக்கு 1200 ரூபாய். பெற்றோர், மூத்த குடிமக்கள் நலனுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது 150 பேர் தங்கும் முதியோர் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. பணம் மாதக் கணக்கு. படுக்கை இரவுக் கணக்கு. பகலுக்கென்று இருப்பது தேசிய அறக்கட்டளையின் 'விகாஸ்' போன்ற சில திட்டங்கள். அவையும் நடத்த முன்வரும் தொண்டு நிறுவனம் உள்ள ஊரில்தான் கிடைக்கும்.

பகல் கிடைக்காத குடும்பம் என்ன செய்யும்? 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரின் அன்பு ஜோதி ஆசிரமம் செய்தியானது. அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. சோதனை நடந்து நூறு பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. எல்லோரும் உரிமத்தைப் பற்றியும் கண்காணிப்பைப் பற்றியும் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் இப்படிப்பட்ட ஒரு வாசல்வரை ஒரு குடும்பம் எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பேசவில்லை.

வீட்டில் இருவரும் வேலைக்குப் போக வேண்டும். உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாம், ஒருவர் வேலையை விடலாம் (அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்), அல்லது ஒரேயடியாகக் கொண்டுபோய் விட்டுவிடலாம். முதலாவதைக் கொடுமை என்கிறோம், இரண்டாவதைப் பாசம் என்கிறோம், மூன்றாவதைப் பாவம் என்கிறோம். நான்காவதாக ஒரு வழியைத் தராத ஊருக்கு இந்த மூன்றையும் எடைபோடும் தகுதி உண்டா? ஆறு மணிநேரம் நம்பி விட்டுவர ஒரு இடம் இருந்தால், நிரந்தரமாக விட்டுவர வேண்டிய நிலை பல வீடுகளில் வராது என்றே நினைக்கிறேன்.

இப்போது ஒரு மறுசீரமைப்பு நடக்கிறது. உலக வங்கி உதவியுடனான 'உரிமைகள்' திட்டத்தில், 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் பல சிகிச்சைகளை ஒரே கூரையின்கீழ் கொண்டுவருகின்றன. நல்லதுதான். ஆனால் மென்பொருள் வேலையில் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று உண்டு: சர்வரின் சுமையைக் கிளையண்ட் பக்கம் தள்ளிவிட்டால் சர்வர் வேகமானதுபோலத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே ஊரில் குவித்தால் அலுவலகத்துக்கு மிச்சம்; சக்கர நாற்காலியைப் பஸ்ஸில் ஏற்றுபவருக்குச் செலவு. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை கல்வராயன் மலைக்காரருக்கும் மாவட்டத் தலைநகரம் விழுப்புரம்தான். ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் கூலி போனது. தவிர, சிகிச்சைக்கு வந்துவிட்டுப் போகலாம். பகல் முழுக்க இருப்பதற்கு நடந்து போகும் தூரத்தில் இடம் வேண்டும்.

கேரளத்தில் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து 'பட்ஸ்' பள்ளிகளை நடத்துகின்றன. பதினெட்டு வயது தாண்டியவர்களுக்கு 'பட்ஸ்' மறுவாழ்வு மையங்களும் உண்டு. முதியவர்களுக்குப் 'பகல்வீடு'.

"தனி இடம் என்றாலே ஒதுக்கிவைப்பதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வருபவர்களை வரிசையாக உட்காரவைத்து டிவி போட்டுவிட்டால் அது குடோன்தான். இங்கிலாந்தில் 2001-இல் வந்த அரசின் வெள்ளை அறிக்கை, பெரிய பகல்நேர மையங்களை விட்டு ஆளுக்கேற்ற வாழ்க்கையை நோக்கிப் போகச் சொன்னது. பின்னாளில் நிதி குறைந்தபோது பல ஊர்களில் மையங்கள் மூடப்பட்டன. அதில் பலருக்கு மிஞ்சியது வீட்டின் நான்கு சுவர்தான். ஆக, கட்டடம் இருக்கிறதா என்பதைவிட, அங்கே வருபவர் தன் நாளில் எதையாவது தானே முடிவு செய்கிறாரா என்பதே முக்கியம். அம்மாவுக்கு ஓய்வு கிடைப்பது நல்ல விஷயம். ஆனால் மையம் இருப்பது அதற்காக மட்டும் அல்ல. அந்தப் பகல் அவனுடையது.

நம்மிடம் எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1982-இல் பிள்ளைகளுக்காக வந்த சத்துணவு, பிறகு முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களுக்கும் மதியச் சோறு போட்டது. கூடமும் அடுப்பும் ஊர்தோறும் இருக்கின்றன. 2025-இல் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. திண்டிவனம் நகராட்சியிலோ பக்கத்து ஊராட்சியிலோ அப்படி உட்காரும் ஒருவர் முதல் கூட்டத்திலேயே கேட்கலாம்: பத்து மணிக்கு அப்புறம் நம்ம ஊரில் எத்தனை பேர் கதவுக்கு உள்ளேயே இருக்கிறார்கள்? இதைக் கணக்கெடுக்கக் கட்டடம் வேண்டாம், உலக வங்கியும் வேண்டாம். ஒரு நோட்டும், தெருத்தெருவாக நடக்க இரண்டு பேரும் போதும்.