யாரோடு சேர்த்து எண்ணுவது?

சாத்தூரிலிருந்து கோவில்பட்டிக்குப் பஸ்ஸில் வருகிறவனுக்கு மாவட்டம் மாறியது தெரியாது. அதே கரிசல், அதே உளுந்தும் கம்பும், அதே சீமைக்கருவேல், அதே தீப்பெட்டி ஆபீஸ். ஆனால் 2018இல் மத்திய அரசு புள்ளிவிவரங்களை வைத்துப் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும் சேர்ந்தன, தூத்துக்குடி சேரவில்லை. சாத்தூர் உள்ளே, கோவில்பட்டி வெளியே.

தூத்துக்குடியில் துறைமுகம் இருக்கிறது, அனல்மின் நிலையம் இருக்கிறது, ஸ்ரீவைகுண்டம் பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் வாழை இருக்கிறது. இவற்றோடு விளாத்திகுளத்து மானாவாரியைக் கூட்டி வகுத்தால் வருகிற எண்ணில் பொய் ஒன்றுமில்லை. அந்த எண்ணைப்போல வாழ்கிற மனிதன்தான் எங்கும் இல்லை.

இதைச் சொன்னதும் எண்களே மோசடி என்று கிளம்ப நம் இலக்கியவாதிகள் தயார். அது சோம்பேறித்தனம். எண்ணைப் பார்க்காமல் பணம் ஒதுக்கினால் கண்மாய் மராமத்து மந்திரியைத் தெரிந்த ஊருக்குப் போகும். எண்ணுக்கு யாரையும் தெரியாது என்பது லேசான நற்குணமல்ல.

ஆனால் யாரோடு யாரைச் சேர்த்து எண்ணுவது என்பதை எண் சொல்லாது. 1986இல் திருநெல்வேலியைப் பிரித்துத் தூத்துக்குடி மாவட்டம் உண்டானது. நிர்வாகத்துக்காகக் கிழித்த கோடு, 32 வருஷம் கழித்து எவன் கஷ்டப்படுகிறவன் என்று நிர்ணயிக்கும் கோடாகிவிட்டது. கோடு கிழித்தவரும் குற்றவாளியில்லை, கூட்டி வகுத்தவரும் இல்லை. ஒருவரும் பொறுப்பேற்காமலே ஒரு அநியாயம் நடந்துவிட முடிகிறது. எனக்குப் பயம் தருவது இதுதான்.

சென்ஸஸையே பாருங்கள். 1981இலிருந்து, வருஷத்தில் 183 நாளாவது வேலை செய்தவனே அதில் முதன்மை உழைப்பாளி. குறைந்தால் குறு உழைப்பாளி. புரட்டாசியில் விதைத்துத் தையில் அறுக்கிற மானாவாரிச் சம்சாரிக்கு அப்புறம் வேலை கிடைக்காவிட்டால், தன் சொந்த நிலத்திலேயே அவன் 'குறு' ஆகிறான். பெய்யாத மழை அவன் குறையாக எழுதப்படுகிறது.

2023இல் வட்டாரத்தை அலகாகக் கொண்டு 500 வட்டாரங்களுக்கு ஒரு திட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் வட்டாரத்துக்குள்ளும் கண்மாய் உள்ள ஊர், இல்லாத ஊர் என்று உண்டு. நறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் தனி ஆள்தான் மிஞ்சுவான். அப்போது புள்ளிவிவரம் இருக்காது. எங்கே நிறுத்துவது என்பதை எண்ணப்படுகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். கிராம சபையில் வரவு செலவு படிக்கிறார்களே, அதோடு தங்கள் வட்டாரத்தின் எண்ணையும் படிக்கட்டும். "இது எங்க ஊரு இல்லையே" என்று ஒரு கிழவி எழுந்து சொன்னால், அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று அதிகாரி கொஞ்ச நேரம் திணறட்டும்.