நான் நீங்களாக இருந்தால்...

ஸ்பானிஷ் படிக்கிறவர்களுக்கு, வினைச்சொற்கள் ஓரளவு பிடிபட்டதும், புத்திமதி சொல்வது எப்படி என்று ஒரு பாடம் வரும். படத்தில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் என்ன சொல்வீர்கள்?

'தேபெஸ் தெஸ்கன்சார்' என்றால் 'நீ ஓய்வெடுக்கணும்'. தப்பில்லை. ஆனால் கொஞ்சம் வாத்தியார் வாசனை அடிக்கும். 'தெபெரியாஸ் தெஸ்கன்சார்' என்று வினையின் வாலை மட்டும் மாற்றினால், 'ஓய்வெடுத்தா நல்லது' என்று குழைந்துவிடும். இன்னும் நாசூக்கு வேண்டுமென்றால் 'யோ கே தூ' என்று ஆரம்பிக்கலாம். மூன்றே சொல். 'நான் நீயா இருந்தா' என்று அர்த்தம். 'இருந்தா'வுக்கு அங்கே தனியாக ஒரு வினைகூடக் கிடையாது. நான், நீ, அவ்வளவுதான்.

'உனக்கு ஆலோசனை சொல்கிறேன்' என்று நேரடியாகவே ஆரம்பித்தாலும், அடுத்து வருகிற வினை சும்மா வராது. சப்ஜங்டிவ் என்கிற தனி வடிவத்துக்குப் போய்விடும். ஆசைப்படும்போதும், சந்தேகப்படும்போதும், பயப்படும்போதும் வருகிற அதே வடிவம். நடக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை என்பது அதன் பொருள். கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம் என்று இலக்கணமே ஒப்புக்கொண்டு விடுகிறது. ஆலோசனையைச் சந்தேகத்துக்கும் பயத்துக்கும் பக்கத்தில் உட்காரவைத்த அந்த மொழிமேல் எனக்கு உடனே மரியாதை வந்துவிட்டது.

ஆலோசனைக்கு எதற்கு இத்தனை தலையணை? பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் 1978-ல் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார்கள். 1987-ல் அது தனிப் புத்தகமாகவும் வந்தது. மனுஷனுக்கு மனுஷன் ஒரு வேலி உண்டு. 'என் காரியத்தில் தலையிடாதே' என்கிற வேலி. புத்திமதி அதைத் தாண்டிக் குதிக்கிறது. அதனால்தான் இந்தக் குழைவெல்லாம். இதற்கு அவர்கள் மூன்று மொழிகளை ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்று ஆங்கிலம். இரண்டாவது, மெக்ஸிகோவின் சியாபஸ் மலைப்பகுதியில் பேசப்படும் செல்தால். மூன்றாவது, கோயமுத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் தமிழ். (மரியாதைக்குக் கோயமுத்தூர்! நமக்கென்ன ஆச்சரியம்?)

ஆனால், ஸ்பெயின்காரர்களிடம் இந்த வேலிக் கணக்கு சரியாக வரவில்லை. நியேவெஸ் எர்னாண்டெஸ் ஃப்ளோரெஸ் என்ற ஆய்வாளர், வீட்டு மனிதர்களும் சிநேகிதர்களும் பேசிக்கொள்வதில் புத்திமதி எப்படி வருகிறது என்று ஆராய்ந்து 1999-ல் ஒரு கட்டுரை எழுதினார். தலையணை எதுவும் இல்லாமல் நேராகச் சொல்கிறார்கள், கேட்கிறவரும் கோபித்துக்கொள்வதில்லை. இதை அவர் 'கொன்ஃபியான்சா' என்ற சொல்லை வைத்து விளக்குகிறார். அகராதியில் 'நம்பிக்கை' என்று இருக்கும். நம் ஊரில் 'உரிமையோட சொல்றேன்' என்கிறோமே, அந்த 'உரிமை'தான் இதற்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது.

இந்தக் கட்டுரையை நான் முன்பே படித்திருக்க வேண்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

சலமான்காவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், அறுபதைத் தாண்டியவர், எனக்கு மெயிலில் பழக்கம். நான் ஸ்பானிஷில் எழுதுவேன், அவர் ஆங்கிலத்தில் எழுதுவார், ஒருவர் தப்பை இன்னொருவர் திருத்துவோம். இரண்டாவது மெயிலிலேயே 'என்னைத் தூ என்றே எழுது' என்று சொல்லிவிட்டார். தூ என்றால் நீ. அறுபது வயது டீச்சரை 'நீ' என்று கூப்பிட எனக்குக் கை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன்.

2007-ல் அவருடைய தம்பி ஒரு பார் திறக்க வங்கியில் கடன் கேட்டார். அக்காவின் ஃப்ளாட்டை ஜாமீனாகக் கேட்டார்கள். 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று எனக்கு எழுதினார். படித்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வேண்டவே வேண்டாம் என்றுதான் தோன்றியது. எழுதியது வேறு: 'நான் தாங்களாக இருந்தால், இன்னும் கொஞ்சம் யோசிப்பேன்.' கவனியுங்கள், தாங்கள். அந்த ஒரு மெயிலில் மட்டும் தூ போய் 'ஊஸ்தெத்' வந்துவிட்டது. 'தங்கள் கருணை' என்கிற மாதிரியான பழைய அரண்மனை விளிப்பு தேய்ந்து தேய்ந்து ஊஸ்தெத் ஆனது. பயம் வந்தால் நமக்கு மரியாதை கூடிவிடுகிறது.

டீச்சரம்மா பதில் போட்டார்: நிபந்தனை வினை கச்சிதம், பத்துக்குப் பத்து. கையெழுத்தும் போட்டுவிட்டார்.

2008-ல் ஸ்பெயினில் கட்டுமானத் தொழில் படுத்தது. வேலையில்லாத கூட்டம் பெருகியது. பாரில் ஆளில்லை. ஃப்ளாட்டை வங்கி எடுத்துக்கொண்டது. அந்த ஊர்ச் சட்டத்தில், வீட்டைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று தானாக ஆகிவிடாது. மிச்சத்துக்கு அவருடைய பென்ஷனிலும் பிடித்தம் வந்தது. 2012-ல், ஒரு வாடகை அறையிலிருந்து எனக்கு எழுதினார்: 'அன்றைக்கே உனக்குத் தப்பு என்று தெரிந்ததா?' தெரிந்தது என்று எழுதினேன். 'அப்புறம் ஏன் நோ ஃபிர்மெஸ் என்று எழுதவில்லை?'

நோ ஃபிர்மெஸ். கையெழுத்துப் போடாதே. இரண்டே சொல்.

எனக்காக வாதாட நிறைய இருந்தது. தம்பியை எனக்குத் தெரியாது. அந்த ஊர் வங்கியைத் தெரியாது. குடும்ப விஷயம். ஆறாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு உத்தரவு போட நான் யார்? எல்லாம் நியாயம்தான். ஆனால் மரியாதைக்காகத்தான் அப்படி எழுதினேன் என்று மட்டும் என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. பார் ஓஹோவென்று ஓடினால் நான் தடுத்தவன் ஆகக்கூடாது, மூழ்கினால் நான் எச்சரித்தவன். இரண்டு பக்கமும் ஜெயிக்கிற மாதிரி ஒரு வாக்கியம். அதோடு, 'நான் தாங்களாக இருந்தால்' என்று எழுதினேனே, ஒரு நிமிஷமாவது அவராக இருந்து பார்த்தேனா? ஒரே ஒரு ஃப்ளாட், தூக்கி வளர்த்த தம்பி, 'அக்கா' என்று கண்ணெதிரே வந்து நிற்கிறான். அந்த இடத்தில் நான் நிற்கவே இல்லை. குடையாகப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் டான் குயிக்ஸாட்டின் இரண்டாம் பாகத்தை, 1615-ல் வந்ததை, மறுபடி எடுத்தேன். பணியாள் சான்ச்சோ பராத்தாரியா என்ற 'தீவு'க்கு கவர்னராகக் கிளம்புகிறான். எஜமானர் ஓர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புத்திமதி சொல்கிறார். 'நான் நீயா இருந்தா' எல்லாம் இல்லை. மகனே என்கிறார். கடவுளுக்குப் பயப்படு என்கிறார். நகத்தை வெட்டு, பூண்டு வெங்காயம் தின்னாதே, நாலு பேர் முன்னால் ஏப்பம் விடாதே என்பது வரைக்கும் போகிறார். எழுதியும் கொடுக்கிறார். சான்ச்சோவுக்குப் படிக்கத் தெரியாது. வாங்கின கையோடு தொலைத்தும்விடுகிறான்.

அப்புறம் ஒரு வழக்கு வருகிறது. ஒரு பாலம். கடக்கிறவன் எங்கே போகிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். உண்மையானால் விடுவார்கள், பொய்யானால் தூக்கு. ஒருத்தன் வந்து, 'இந்தத் தூக்கில் சாகத்தான் போகிறேன்' என்று சத்தியம் செய்கிறான். தூக்கில் போட்டால் அவன் சொன்னது உண்மையாகிவிடும். விட்டால் பொய்யாகிவிடும். நீதிபதிகள் முழிக்கிறார்கள். சான்ச்சோ விட்டுவிடச் சொல்கிறான். நியாயம் சந்தேகமாக இருந்தால் கருணைப் பக்கம் சாய் என்று கிளம்புகிற அன்றைக்கு எஜமானர் சொன்னது, அந்த நேரத்தில் ஞாபகம் வந்ததாம். காகிதம் போயே போய்விட்டது. சொன்ன குரல் போகவில்லை.

என் வாக்கியத்தில் அவருக்கு ஞாபகம் இருந்தது இலக்கணம்தான்.

கடைசியில் கேட்டேவிட்டேன், இந்த முறை 'தூ' போட்டு: 'நான் நோ ஃபிர்மெஸ் என்று எழுதியிருந்தால் நீ கேட்டிருப்பாயா?'

'கேட்டிருக்க மாட்டேன்' என்று பதில் வந்தது. 'தம்பியாச்சே. கையெழுத்துப் போட்டுத்தான் இருப்பேன். ஆனா அதுக்கு முன்னாடி உன்னோட ஒரு சண்டை போட்டிருப்பேன். அந்தச் சண்டையில எனக்கே ஏதாவது தெரிஞ்சிருக்கலாம். யாருமே என்னோட சண்டை போட வரலை.'

அதற்குக் கீழே, போன மெயிலில் நான் போகிறபோக்கில் எழுதியிருந்த இருமலைப் பற்றி ஒரு வரி. டாக்டர்கிட்டே போ. நாளைக்கே.