ஆசனமும் அறமும்

ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் ஒருவர் கட்சி அரசியலில் நுழைந்தால், “பதவிக்காக உன் மக்களை மறந்துவிட மாட்டாயா?” என்று அவரிடம் கேட்கிறோம். அவரை ஏற்கும் கட்சியிடமோ, வாக்களிக்கும் பெரும்பான்மையினரிடமோ நாம் எதையும் கேட்பதில்லை. அறத்தின் பாரம் ஒரு தோளுக்கு மட்டுந்தானா உரியது?

சட்டமேதை அம்பேத்கரின் வாழ்வை நோக்குவோம். தாழ்த்தப்பட்டோர் தம் பிரதிநிதிகளைத் தாமே தெரிவுசெய்யும் தனித்தொகுதி முறையை அவர் கோரினார். காந்தியடிகளின் உண்ணாநோன்பையடுத்து 1932இல் ஏற்பட்ட பூனா ஒப்பந்தம், ஒதுக்கப்பட்ட ஆசனங்களைக் கூட்டியது. ஆயின் அவற்றுக்குரியவரைத் தீர்மானிக்கும் இறுதி வாக்கை எல்லோர்க்கும் பொதுவாக்கிற்று.

1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியையும், 1942இல் அட்டவணைச் சாதியினர் சம்மேளனத்தையும் அவர் நிறுவினார். 1947இல், காங்கிரஸில் சேராமலே நேருவின் அமைச்சரவையில் சட்ட அமைச்சரானார். பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வழங்க முனைந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டபோது, 1951இல் அப்பதவியைத் துறந்தார். நமது கேள்விக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

மக்கள் தந்த விடை யாது? 1952இல் வட பம்பாயிலும், 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் அவர் தோற்றார். இருமுறையும் வென்றவர், காங்கிரஸ் நிறுத்திய தாழ்த்தப்பட்ட சமூகத்தவரே. வென்றவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆசனம் ஒடுக்கப்பட்டோருக்கு, அதில் அமர்பவரைத் தெரியும் வலிமையோ பிறரிடம். சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

இஃது இந்தியாவின் கதை மட்டுமன்று. 1947இல் நமது வவுனியாத் தொகுதி பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சி. சுந்தரலிங்கமும் சட்டம் கற்றவரே. அவரே 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில், ஒடுக்கப்பட்டோர் உட்செல்வதைத் தடுத்து நின்றார். சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் 1957ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. சட்ட அறிவு தானாகவே சமத்துவ உணர்வாகிவிடாது. சிறுபான்மைத் தமிழர் மகாசபைத் தலைவர் எம். சி. சுப்பிரமணியம் 1970இல் பாராளுமன்றம் புகுந்ததும் வடபுலத்து வாக்குகளால் அன்று, அரசாங்க நியமனத்தால்.

ஆசிரியர்களே, மாணவர்களே! வகுப்பறையில் அம்பேத்கரின் புகழ் பாடுதல் எளிது. நாம் சார்ந்த கட்சி, வெல்லக்கூடிய தொகுதியொன்றை ஒடுக்கப்பட்டவருக்கு விட்டுக்கொடுக்குமா? அவர் நமக்குப் பிடிக்காததைப் பேசிய பின்னரும் நமது வாக்கு அவருக்கு உண்டா? வேட்பாளரின் நேர்மையை ஆராயுமுன், இவ்விரு கேள்விகளுக்கும் நாம் விடை கூறியாக வேண்டும்.