தீப்பெட்டியில் இல்லாத பெயர்

சிவகாசிப் பக்கம் தீப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். மேலே படம் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய அக்கா பெயர் இருக்காது. கேட்டால், ‘அதான் கூலி குடுத்தாச்சே’ என்பார்கள். நானும் பி.காம். படித்தவன்தான். பற்றும் வரவும் சரியாக இருந்தால் கணக்கை மூடிவிட வேண்டியதுதான்.

பாட்டுக்கு யார் கூலி கொடுத்தது?

சில வருஷங்களுக்கு முன் சிவகாசி பக்கத்துக் கிராமம் ஒன்றில் கொடை. ராத்திரி வில்லுப்பாட்டு. ஆளுயர வில், அதோடு சேர்த்துக் கட்டிய மண்குடம், பக்கத்தில் உடுக்கு, ஜால்ரா. அண்ணாச்சி வீசுகோலை ஓங்கி அடித்தால் வில்லில் தொங்கும் மணியெல்லாம் குலுங்கும். சாமி கதை நடுவில், பட்டாசு ஆலைக்குப் போய்த் திரும்பாத ஒரு பெண்ணைப் பாடினார். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் அதை எழுதிக்கொண்டு வந்து, ‘ஒரு நாட்டுப்புறப் பாடல்’ என்று கட்டுரையில் போட்டேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. செக்கும் வந்தது. எல்லாம் என் பெயருக்கு!

இந்தத் தப்பு உலகம் பூரா உண்டு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் 17ஆம் நூற்றாண்டில் வசதியான வீடுகளில் லூட் என்ற நரம்புக்கருவி வாசிப்பார்கள். நம்ம வீணைக்குத் தூரத்து உறவு. ஊர் மெட்டுகளை அதற்கேற்ப நோட்டில் எழுதி வைத்தார்கள். அதன் தம்பியான மண்டோராவுக்கு எழுதப்பட்டது ஜான் ஸ்கீனின் நோட்டு. 1513இல் ஃபிளாடன் போரில் செத்தவர்களுக்கான புகழ்பெற்ற ஒப்பாரி மெட்டின் பழைய வடிவம் அதில்தான் கிடைக்கிறது. 1838இல் வில்லியம் டானி அதை அச்சில் கொண்டுவந்தார். ஸ்கீன் பெயர் இருக்கிறது, டானி பெயர் இருக்கிறது. மெட்டைக் கட்டியது யார்?

அதற்காக எழுதி வைத்தவரைத் திட்டவும் முடியாது. ராபர்ட் கார்டன் என்பவரின் லூட் நோட்டு தொலைந்தே போச்சு. 1839இல் ஒருவர் பார்த்து எழுதிய பகுதிதான் மிச்சம்.

நம்ம பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரைக் கட்டி, வில்யாழ் செய்து குறிஞ்சிப் பண் வாசிக்கிறான். புலவர் பெயர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். இடையன் பெயர்?

ஆனால் ஸ்கீனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. எனக்கு? அண்ணாச்சி என்னிடமிருந்து இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்கத் தோணலை, அவ்வளவுதான். ‘நாட்டுப்புறம்’ என்று ஒரு வார்த்தை கைவசம் இருந்தால் பெயர் கேட்கிற சிரமம் மிச்சம், பாருங்கள்.

செக் பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

“பரவாயில்ல தம்பி. மெட்டு எங்க அண்ணாவியோடது. மக மட்டுந்தான் என்னோடவ” என்றார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு.

“இனிமேலாவது உங்க பேரைப் போடட்டுமா, அண்ணாச்சி?”

“வேண்டாம். என் பேரு வந்தா அவ பேரும் வரும். அவ அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பா.”

அதனால்தான் இந்தப் பக்கத்திலும் அவர் பெயர் இல்லை. பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். குடத்தில் கீறல் விழுந்துவிட்டதாம், புதுசு வாங்கணுமாம்.