முதல் போடாத பார்ட்னர்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? சுசீந்திரத்தில் ரோட்டோரமாக ஒரு பெரிய குளம் வரும். சீசன் நேரமாக இருந்தால் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கண்ணில் படும். ‘அடடா!’ என்று மொபைலை எடுப்பதற்குள் பஸ் தாண்டிவிடும். பறவை பார்த்ததில் நமக்கு என்ன செலவு? பஸ் டிக்கெட் காசு, அவ்வளவுதான்.

அப்படியானால் அந்தப் பறவைகளுக்கு யார் செலவு செய்கிறார்கள்?

சுசீந்திரம் குளமும், கவிமணி பிறந்த தேரூரின் குளமும் பறவைகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. பாசனக் குளங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல்லுக்குத் தண்ணீர் தருபவை. தண்ணீருக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், தாமரைக்கு ஒருவர் என்று ஒரு குளத்துக்கு ஏகப்பட்ட பங்காளிகள். நாரைக்கு எந்தப் பத்திரத்திலும் பெயர் இல்லை.

அரசாங்கம் 2015-ல் சுசீந்திரம், தேரூர், மணக்குடி பகுதியைப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தது. 2022-ல் சுசீந்திரம்-தேரூர் நீர்நிலைகள் சுமார் 94 ஹெக்டேரும், வேம்பனூர் சுமார் 20 ஹெக்டேரும் ராம்சார் என்ற சர்வதேசப் பட்டியலில் ஏறின. சந்தோஷம்தான். ஆனால் குளத்தை நம்பிப் பயிர் வைக்கிறவர் என்ன கேட்பார்? “எல்லாம் சரிதான். நாளைக்கு குளத்தைத் தூர் வாரணும்னா நான் யாருகிட்ட போய் நிக்கணும்?”

நியாயமான கேள்வி. இதை ‘விழிப்புணர்வு இல்லாத ஜனங்கள்’ என்று தள்ளிவிடுவது நகரத்து நல்லவர்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தாழைக்கோழி நாற்றை மிதித்தால் நஷ்டம் அவருக்கு, போட்டோ நமக்கு.

‘மக்களோடு கூட்டாகப் பறவைகளைக் காப்போம்’ என்கிறார்கள். நான் பி.காம். படித்தவன். கூட்டு என்றாலே 1932-ம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். ஸ்லீப்பிங் பார்ட்னர் என்று ஒருவர் உண்டு. கடைப் பக்கமே வரமாட்டார். ஆனால் முதல் போட்டிருப்பார், நஷ்டத்திலும் பங்கு ஏற்பார். நாமோ முதலே போடாமல் லாபத்தில் மட்டும் பங்கு கேட்கிறோம்!

வேடந்தாங்கல் கதை வேறு. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அங்கே வயலுக்கு உரம். அதனால்தான் 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் போய், பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். லாபம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைக்கு உரம் மூட்டையில் வருகிறது. அந்தக் கணக்கு பழைய மாதிரி இல்லை.

இன்னொன்று. பறவை குளத்தில் மட்டுமா மேய்கிறது? சுற்றியிருக்கிற வயலிலும்தான். நாஞ்சில் நாட்டில் வயல் மனையாகிக்கொண்டே வருகிறது. விற்காமல் நெல்லே நடுகிறவர், மனை விலையை ஒவ்வொரு வருஷமும் வேண்டாம் என்று சொல்கிறார். நாரைக்கு இரை போடும் நிஜமான செலவு அதுதான். எந்தப் பட்ஜெட்டிலும் அது எழுதப்படுவதில்லை.

“காசு கொடுத்தால் அன்பு போய்விடாதா? கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காக தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்களே?” என்பீர்கள். உண்மை. ஆனால் அது அவர்களாக விட்டது. அடுத்தவர் நிலத்தைக் காட்டி, ‘நீயும் விடு’ என்று சொல்ல நமக்கு ஏது பாத்தியதை?

அமெரிக்காவில் 1934 முதல் வாத்து சுடுகிறவர் ஒரு ஸ்டாம்ப் வாங்க வேண்டும். அன்று ஒரு டாலர், பிறகு 25 டாலர். அதில் டாலருக்கு 98 சென்ட், சதுப்பு நிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. சுடுகிறவனே கொடுக்கிறான் சார்! பார்க்கிறவன் கொடுத்தால் என்ன? கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு டிக்கெட் எடுக்க க்யூவில் நிற்கிறோம். அதோடு ஐந்து ரூபாய் சேர்த்து வாங்கி, தேரூர்ப் பக்கம் நெல் நடுகிறவர்களுக்கு வருஷா வருஷம் பிரித்துக் கொடுத்தால், நீங்கள் கொடுப்பீர்களா, இல்லை கவுன்ட்டரில் சண்டை போடுவீர்களா?