கட்டுதலும் காத்தலும்



கொல்லாமை என்றதும் நம் நினைவுக்கு வருவன வடிகட்டிய நீரும், இரவு உண்ணாமையும், எறும்பு கண்டு ஒதுங்கும் நடையுமே. இவை நல்லனவே. ஆயினும், வகுப்பறையில் வெகுண்டெழுந்து கைக்கு எட்டியதை வீசும் ஒரு சிறுவன் முன்னே ஆசிரியரின் அகிம்சை எவ்வாறு விளங்க வேண்டும் என்பதையும் நாம் சிந்தித்தல் வேண்டும். நம் குடும்பங்களில் ஆசிரியப் பணி ஏற்றோர் பலர் அல்லவா?

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து என்கிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவை ஆடுமாடுகளைக் குறித்தனவே என்று நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

1970-களில், பயிற்சி முடித்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் பணியேற்ற புதிதில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சிலேட்டை வீசி, தடுக்கச் சென்ற நம் கையையும் கடித்தான். அவனைத் துண்டினால் தாழ்வாரத் தூணோடு கட்டினோம். மதிய உணவு மணி அடித்தபோதும் அவிழ்க்கவில்லை. முன்னிரவும் அவன் உண்ணவில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதன்பின் என்றும் வரவில்லை. ஒரே செயலில் இரண்டு அதிசாரங்கள்! பிரதிக்கிரமணம் செய்யும்போதெல்லாம் அந்தத் தூண் நம் கண்முன் நிற்கிறது.

அவ்வாறாயின், பிள்ளையைத் தொடுவதே பாவமோ? அன்று. பிரமாதத்தால், அதாவது கவனமின்மையாலும் கஷாய வயத்தாலும் உயிர்க்குச் செய்யும் ஊறே ஹிம்சை என்பது அதே அத்தியாயத்தின் கருத்து. சாலையை நோக்கி ஓடும் பிள்ளையைப் பிடிக்காமல் நிற்பதும் பிரமாதமே. கட்டுதல் நம் வசதிக்காக. காத்தல் அவன் உயிருக்காக. இவ்வேறுபாட்டை உணர, முனிவர்க்குரிய மூன்று குப்திகள் நமக்கும் துணையாகும்.

முதலாவது மனோகுப்தி. பிள்ளையை அடக்குமுன் நம் குரோதத்தை அடக்குதல் வேண்டும். பசியோ, அச்சமோ, சொல்லத் தெரியாத நோவோ அவனை ஆட்டுவிக்கலாம். சினம் தணியாதவர் விலகி, வேறோர் ஆசிரியரை அழைத்தலே அறம்.

இரண்டாவது வசனகுப்தி. ஒருவர் மட்டும், தாழ்ந்த குரலில், சில சொற்களே பேசுதல் வேண்டும். பிற மாணவரை வெளியே அனுப்பி, காம்பஸ் முதலிய கூரியவற்றை அகற்றி, அவனுக்கு இடம் விட்டு நின்றால், பெரும்பாலும் பிடிக்க வேண்டிய தேவையே எழாது.

மூன்றாவது காயகுப்தி. அவனுக்கோ பிறர்க்கோ உடனே பெருந்தீங்கு நேரும் என்னும்போது மட்டுமே, வேறு வழியின்றிப் பிடிக்கலாம். இயன்றவரை இருவர் உடனிருத்தல் நன்று. குப்புறக் கிடத்துதல், மேலே அமர்தல், கழுத்து, மார்பு, முதுகு ஆகியவற்றை அழுத்துதல், கையை முறுக்குதல் ஆகாவாம். மூச்சுத் தடைப்பட்டு உயிரே போகக்கூடும். பேசுகிறானே, மூச்சு இருக்கிறது என்று அமைதி கொள்ளலும் தவறு. முகத்தையும் மூச்சையும் இடையறாது நோக்கி, ஆபத்து நீங்கிய கணமே விடுதல் வேண்டும். கயிறும் பூட்டிய அறையும் வேண்டவே வேண்டா. வலிப்பு கண்ட பிள்ளையைப் பிடித்து அழுத்தலாகாது. தலைக்கு மெத்தென ஒன்றை வைத்து, துடிப்பு நின்றதும் ஒருக்களித்துக் கிடத்துக. எல்லாம் அடங்கியபின் நீர் கொடுத்து, நிகழ்ந்ததை எழுதிவைத்து, அன்றே பெற்றோருக்கு அறிவித்தல் கடன்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளுக்கு உடல் தண்டனையும் மனத்துன்பமும் தருவதைத் தடை செய்கிறது. அரசின் சட்டம் அண்மையது. நம் அணுவிரதமோ மிகத் தொன்மையது.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று ஆசிரியரிடம் இனிச் சொல்லாதீர்கள். நம் பிள்ளைக்கு எதனால் அச்சம், எதனால் ஆறுதல் என்று சொல்லி வாருங்கள். அன்று அந்தத் தாய் வந்து சொல்லியிருந்தால், அல்லது நாம் சென்று கேட்டிருந்தால், அச்சிறுவன் எழுத்தறிந்திருப்பான்.

எவ்வுயிரும் அஞ்சாது வாழ்க! அறம் வளர்க!