மறுவாய்ப்பு யாருக்குரியது?

இளைஞர்க்கென எழுதப்படும் கதைகளில் மரணத்துக்கு இடமளிக்கலாகாது என்பர் ஒரு சாரார். இடமளித்தாலும் இறுதியில் ஆறுதல் கூறியே அனுப்ப வேண்டும் என்பர் மறு சாரார். இவ்விரு சாராரும் துயரைத் தனிமனித உள்ளத்தில் மட்டும் நிகழும் ஒன்றாகவே கொள்கின்றனர். காலம் எல்லாப் புண்களையும் ஆற்றும் என்பதே அவர்தம் நம்பிக்கை. ஆயின், ஒரே இழப்புக்கு ஆளான இருவருள் ஒருவன் மீண்டெழ, மற்றவன் மாண்டுபோவது ஏன்? மீண்டெழும் வாய்ப்பை அவனுக்கு அளித்தவர் யார்? இவ்வினாக்களை எழுப்பாது துயரைப் பற்றிப் பேசுவது வெறும் ஒப்பாரியாகவே முடியும்.

இவற்றை ஆராய்வதற்கு ஏற்றதொரு நூல், அமெரிக்க எழுத்தாளர் எஸ். ஈ. ஹின்ரனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ என்னும் நாவலாகும். ஒக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் உயர்நிலைப் பள்ளி மாணவியாக இருந்தபொழுதே அவர் இதனை எழுதினார். 1967இல் இது வெளிவந்தது. எழுதியவர் பெண் என அறிந்தால் விமர்சகர் பொருட்படுத்தார் எனப் பதிப்பகத்தார் எண்ணியமையால், பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் இட்டுக்கொண்டார். இளைஞர் நாவல் என இன்று தனித்து வழங்கும் இலக்கிய வகையின் முன்னோடி நூல்களுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது.

நகரின் கிழக்குப் பகுதியில் வாழும் ஏழை இளைஞர் ‘கிரீசர்’ என இகழப்படுகின்றனர். மேற்குப் பகுதியினர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். கதை கூறும் போனிபோய்க்கு வயது 14. பெற்றோரை வீதி விபத்தொன்றிற் பறிகொடுத்த அவனை, இருபது வயது அண்ணன் டரி கூரை வேலை செய்து காப்பாற்றுகிறான். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் ஓரிரவு பூங்கா நீர்த்தொட்டியில் போனிபோயை அமிழ்த்துகின்றனர். அவன் நண்பன் ஜொனி அவர்களுள் ஒருவனான பொப் என்பவனைக் கத்தியாற் குத்திக் கொன்றுவிடுகிறான். இருவரும் தப்பியோடிக் கைவிடப்பட்ட தேவாலயமொன்றில் ஒளிகின்றனர். பின்னர் அக்கட்டடம் தீப்பற்றியபொழுது, உள்ளே அகப்பட்ட சிறுவர்களை அவர்களே மீட்கின்றனர். அதிற் படுகாயமுற்ற ஜொனி மருத்துவமனையில் இறக்கிறான்.

ஜொனியின் மரணம் இருவரை வீழ்த்துகிறது. போனிபோய் அம்மரணத்தையே மறுக்கிறான். பொப்பைக் கொன்றவன் தானே எனப் பிதற்றுகிறான். மற்றவன் டலி. பத்து வயதிலேயே கைதான இம்முரடன், உலகில் நேசித்தது ஜொனி ஒருவனையே. மருத்துவமனையினின்று வெளியேறி, கடையொன்றைக் கொள்ளையிட்டு, குண்டில்லாத துப்பாக்கியைப் பொலிசாரை நோக்கி உயர்த்தி, வேண்டுமென்றே சுடப்பட்டுச் சாகிறான்.

போனிபோய் நல்லவன், டலி தீயவன் எனக் கூறி இவ்வேறுபாட்டை நாம் கடந்துவிட முடியாது. போனிபோய்க்கு இரு அண்ணன்மார் இருந்தனர். அவனை அவர்களிடமே ஒப்படைத்த நீதிபதி ஒருவர் இருந்தார். டலிக்கு இருந்த ஒரே பற்றுக்கோடு ஜொனி. வீடும் பள்ளியும் சட்டமும் தரவேண்டியவற்றையெல்லாம் ஒரு நட்பே தந்துகொண்டிருந்தது. சமுதாயத்தின் முழுக் கடமையையும் ஒரு சிறுவனின் தோளில் ஏற்றியபின், அவன் சாயுமிடத்து மற்றவனும் சாய்வதில் வியப்பென்ன?

மறுபுறத்தில் பொப்பை நோக்குவோம். அவன் பெற்றோர் அவனை ஒருபொழுதும் கண்டித்ததில்லை என அவன் நண்பனே வருந்துகிறான். செல்வர் மகனுக்கு மறுவாய்ப்புக்கள் எண்ணிறந்தன. டரியோ, விளையாட்டுத் திறமைக்கான உதவிப்பணம் பெற்றும் பல்கலைக்கழகம் செல்லும் வசதியற்றவன். ஒருவன் எத்தனை முறை தவறலாம் என்பதை அவன் குணம் அன்று, அவன் பிறந்த தெருவே தீர்மானிக்கிறது.

இவ்விடத்து நியாயமானதொரு தடை எழலாம். பொப்பும் ஒரு தாயின் மகனன்றோ? இறந்தவனுக்கு இல்லாத மறுவாய்ப்பைக் கொன்றவனுக்குக் கோருவது எவ்வாறு அறமாகும்? இவ்வினாவை நாம் ஒதுக்கிவிடலாகாது. மறுவாய்ப்பு என்பது குற்றத்தை அழித்தெழுதும் மன்னிப்பன்று. உயிரோடிருப்பவன்மீது சுமத்தப்படும் கடன். தீயினுட் புகுந்த ஜொனி அக்கடனையே செலுத்தினான். அதனால் பொப் மீளவில்லை. சில குழந்தைகள் மீண்டனர்.

நாவலின் குறையையும் கூறுதல் வேண்டும். ஒளிந்திருந்த நாட்களில் நண்பர் இருவரும் படித்த நூல், மார்கரெட் மிச்சலின் ‘கோன் வித் த விண்ட்’. அதில் வரும் தென்னாட்டுக் கனவான்களின் வீரத்தைக் காணுந்தோறும் ஜொனிக்கு டலியே நினைவுக்கு வருகிறான். அக்கனவான்கள் அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்தோர். ஒடுக்கப்பட்ட சிறுவன் தன் தோழனின் பெருமையை அளப்பதற்கு ஒடுக்குவோரின் அளவுகோலையே கையிலெடுக்கும் அவலத்தை ஆசிரியை உணர்ந்ததாகத் தெரியவில்லை. இரு தெருக்களுக்கும் இடையேயான மதில் எவ்வாறு எழுந்தது என்றும் அவர் ஆராயவில்லை.

ஆயினும், அப்புத்தகத்தினுள்ளேயே ஜொனி விட்டுச்சென்ற கடிதம் இருக்கிறது. உலகில் நன்மை இன்னும் உண்டு என்பதை டலிக்குச் சொல்லுமாறு அவன் அதில் வேண்டுகிறான். கடிதம் கண்டெடுக்கப்படும்போது டலி உயிருடன் இல்லை. செய்தி பிந்திவிட்டது. எனினும் டலியைப் போன்ற எண்ணற்ற சிறுவர் இருக்கின்றனர் என்பதைப் போனிபோய் உணர்கிறான். அவர்களுக்காக எழுதத் தொடங்குகிறான்.

எங்கே எழுதுகிறான்? துயரத்தால் படிப்பிற் பின்தங்கிய அவனிடம் ஆங்கில ஆசிரியர், நல்லதொரு கட்டுரை எழுதித்தந்தால் சித்தியடையச் செய்வதாகக் கூறியிருந்தார். அக்கட்டுரையே இந்நாவல். ஆசிரியர் பேருரை எதுவும் நிகழ்த்தவில்லை, ஆறுதலும் கூறவில்லை. புள்ளிப் பதிவேட்டை மூடிவைத்து, எழுது என்றார், அவ்வளவே. இந்நூலை எழுதிய ஆண்டில் படைப்பெழுத்துப் பாடத்தில் தமக்கு ‘டி’ தரமே கிடைத்தது என ஹின்ரன் கூறியிருப்பதையும் இங்கு நாம் நினைவுகூர்தல் தகும்.

பின்வாங்கில் வாய்மூடியிருக்கும் மாணவனின் கொப்பியில் நாம் சிவப்பு மையினால் இடும் கோட்டுக்கு அப்பால் யாதுளது என்று கேட்பது நம் கடமை. மதில்களைத் தகர்ப்பது நெடிய போராட்டம். பலர் கூடிச் செய்ய வேண்டியது. அதுவரை எந்தச் செய்தியும் பிந்திப்போகாமல் பார்த்துக்கொள்வதேனும் நம் கையில் உள்ளது.